யூதாஸ்காரியோத்து

மாணவர்களே, யூதாஸ்காரியோத்து பற்றி விடை எழுதுவது மிக இலகு என்றே உங்களில் பலரும் நினைக்கின்றீர்கள். முப்பது வெள்ளிக்காசு, ஒரு முத்தம், ஒரு தூக்குக் கயிறு. இம்மூன்றையும் எழுதியதும் பேனாவை வைத்துவிடுகின்றீர்கள். ஆனால் முப்பது என்ற தொகையையும் தூக்கையும் மத்தேயு மட்டுமே கூறுகின்றார். முத்தம் யோவானில் இல்லை. நான்கு சுவிசேஷங்களையும் ஒரே கதையாகக் கலந்து வைத்திருப்பவர்கள், எவர் எதைக் கூறினார் என வினவப்படும் இடத்தில் தடுமாற நேரிடும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இம்மூன்றை மட்டும் படித்தவர்களுக்கு யூதாஸ் ஒரு கொடியவனாகவே தெரிவான். அவன் இயேசுவோடு நடந்து, உண்டு, உறங்கிய நண்பன் என்பது மறந்துபோகும். நண்பனாக இருந்திராவிட்டால் அவன் செய்தது காட்டிக்கொடுப்பு ஆகியிராது. எனவே அவனது வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து நோக்குவோம்.

பெயரும் ஊரும்

யூதாஸ் என்பது அக்காலத்தில் பெருமைக்குரிய பெயர். யாக்கோபின் மகன்களுள் ஒருவனான யூதாவின் பெயரே அது. கி.மு. 164இல் எருசலேம் தேவாலயத்தை அந்நியரிடமிருந்து மீட்டுத் தூய்மைப்படுத்திய யூதா மக்கபேயும் இப்பெயரையே கொண்டிருந்தான். ஆகவே யூதப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு இதனை விரும்பிச் சூட்டினர். இயேசுவின் சகோதரருள் ஒருவருக்கும் இதே பெயர் இருந்ததை மாற்குவில் காணலாம். பன்னிருவருள்ளும் இன்னொரு யூதா இருந்தார். பெயர் மயக்கம் ஏற்படாதிருக்கவே நம்மவனுக்கு ஸ்காரியோத்து என்ற அடைமொழி சேர்க்கப்பட்டது.

அவனது தந்தையின் பெயர் சீமோன். இதனை யோவான் சுவிசேஷம் தருகின்றது. ஸ்காரியோத்து என்பதற்குக் கீரியோத் ஊரைச் சேர்ந்தவன் எனப் பொருள் கொள்வோரே அதிகம். யோசுவாவின் நூல் 15ஆம் அதிகாரத்தில் யூதா நாட்டின் தென்பகுதி ஊர்களுள் ஒன்றாகக் கீரியோத் குறிப்பிடப்படுகின்றது. இது சரியாயின், கலிலேயரே பெரும்பான்மையாக இருந்த அக்குழுவில் யூதாஸ் தென்னாட்டவனாக இருந்திருக்கின்றான். வேறு சிலர், ஆடைக்குள் குறுங்கத்தியை மறைத்துத் திரிந்த சிக்காரியர் என்னும் தீவிரவாதக் குழுவோடு இப்பெயரை இணைப்பர். ஆனால் யோசேப்பு என்னும் வரலாற்றாசிரியர் இக்குழுவைக் கி.பி. 50களில், பேலிக்ஸ் தேசாதிபதியின் காலத்திலேயே காட்டுகின்றார். இயேசுவின் காலத்திற்கு அது பிந்தியது. ஆகையால் முதற் கருத்தையே விடையில் எழுதுங்கள். அதனையும் ஒரு கருத்தாகவே எழுதுங்கள்.

அழைப்பும் பணியும்

பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டு வந்தனர். மத்தேயு ஆயத்துறையிலிருந்து எழுந்து வந்தார். யூதாஸ் எங்கிருந்து, எதனை விட்டு வந்தான் என்பது எச்சுவிசேஷத்திலும் இல்லை. பன்னிருவரின் பட்டியலிலேயே அவனை முதன்முறையாகச் சந்திக்கின்றோம். மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்றிலும் பேதுரு முதலாவது, யூதாஸ் இறுதி. அவனது பெயர் வரும் இடத்திலேயே காட்டிக்கொடுத்தவன் என்ற குறிப்பும் வந்துவிடுகின்றது. முடிவை அறிந்தவர்கள் எழுதிய பட்டியல் அது.

ஆனால் அன்று அவனோடு நடந்தவர்களுக்கு முடிவு தெரியாது. இயேசு ஓர் இரவு முழுவதும் மலையில் ஜெபித்து, விடிந்ததும் பன்னிருவரைத் தெரிந்தெடுத்தார் என்கிறார் லூக்கா. அந்த இரவு முழுவதுமான ஜெபத்தின் பின் தெரிவு செய்யப்பட்டவர்களுள் யூதாஸும் ஒருவன். பின்னர் இயேசு பன்னிருவரையும் இருவர் இருவராக ஊர்களுக்கு அனுப்பினார். அவர்கள் மனந்திரும்புமாறு போதித்தனர், பிசாசுகளைத் துரத்தினர், நோயாளருக்கு எண்ணெய் பூசிக் குணமாக்கினர். இப்பணியில் யூதாஸ் விலக்கப்பட்டதாக எங்கும் கூறப்படவில்லை. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு நோயாளி யூதாஸின் கையால் எண்ணெய் பூசப்பட்டு எழுந்திருப்பான். இதை மாணவர்கள் எழுதுவதே இல்லை.

பணப்பை அவனிடமே இருந்தது. இயேசுவின் குழுவுக்கு மகதலேனா மரியாள், ஏரோதுவின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் முதலிய பெண்கள் தம் சொத்திலிருந்து உதவி வந்தனர். அப்பணத்திலிருந்தே உணவும் ஏழைகளுக்கான உதவியும் செலவிடப்பட்டன. வரி சேகரித்துப் பழகிய மத்தேயு குழுவிலேயே இருந்தும், பை யூதாஸின் கையில் இருந்தமை கவனிக்கத்தக்கது. நம்பிக்கை இல்லாதவனிடம் எவரும் பணத்தை ஒப்படைப்பதில்லை. அவன் அப்பையிலிருந்து திருடினான் என்று யோவான் எழுதுகின்றார். மற்றைய மூவரும் இதனைக் கூறவில்லை. எனவே பேராசையைக் காரணமாக எழுதும்போது, யோவானின்படி என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

பெத்தானியாவில்

பஸ்கா நெருங்கிய நாட்களில் இயேசு பெத்தானியாவில் ஒரு வீட்டில் பந்தியிருந்தார். ஒரு பெண் விலையுயர்ந்த நளத தைலத்தை அவர்மீது ஊற்றினாள். மாற்குவிலும் மத்தேயுவிலும் இது தொழுநோயாளன் எனப்பட்ட சீமோனின் வீடு. பெண்ணின் பெயர் இல்லை. யோவானில் அவள் லாசருவின் சகோதரி மரியாள். தைலத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்ற முறைப்பாடு மாற்குவில் சிலரிடமிருந்தும், மத்தேயுவில் சீடர்களிடமிருந்தும், யோவானில் யூதாஸிடமிருந்தும் வருகின்றது. காலம் செல்லச் செல்லக் குற்றம் ஒருவன்மீதே குவிவதைப் பாருங்கள். மாற்கு முதலிலும் யோவான் இறுதியிலும் எழுதப்பட்டன என்பதே பெரும்பாலான அறிஞரின் கருத்து.

அத்தைலத்தின் பெறுமதி 300 பணத்திற்கு மேல் என மாற்கு கூறுகின்றார். ஒரு பணம் ஒரு கூலியாளின் ஒரு நாட் கூலி. அதாவது ஏறத்தாழ ஓர் ஆண்டு உழைப்பு. இத்தொகையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இச்சம்பவத்தை அடுத்து யூதாஸ் பிரதான ஆசாரியர்களிடம் சென்றான் என மாற்குவும் மத்தேயுவும் எழுதுகின்றனர். மாற்கு காரணமே கூறவில்லை; யூதாஸ் தானாகவே போனான், அவர்கள் மகிழ்ந்து பணம் தருவதாக வாக்களித்தனர். மத்தேயுவில் எவ்வளவு தருவீர்கள் என்று அவனே கேட்கின்றான். அவர்கள் 30 வெள்ளிக்காசை நிறுத்துக் கொடுக்கின்றனர். லூக்கா, சாத்தான் அவனுக்குள் புகுந்தான் என்கிறார். யோவானும் சாத்தானைக் குறிப்பிடுகின்றார். ஆனால் கூலி பற்றிப் பேசவில்லை.

முப்பது வெள்ளிக்காசு என்பது யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில், மாடு முட்டி இறந்த அடிமைக்காக அவனது எஜமானுக்குக் கொடுக்க வேண்டிய ஈடு. சகரியா 11ஆம் அதிகாரத்தில், நல்ல மேய்ப்பனுக்கு மக்கள் நிறுத்துக் கொடுத்த அற்பக் கூலியும் இதுவே. இக்காசு அக்காலத்தில் தேவாலயத்தில் வழங்கிய தீரு நகரத்து வெள்ளிக்காசு எனக் கொண்டால், ஒன்று நான்கு நாட் கூலிக்குச் சமம். முப்பதும் சேர்ந்து 120 நாட் கூலி. பெத்தானியாவில் ஊற்றப்பட்ட தைலத்தின் விலையில் பாதிகூட இல்லை! பணம் மட்டுமே நோக்கமாயின், பையைத் தன்னிடமே வைத்திருந்தவனுக்கு இது இலாபமான வியாபாரம் அன்று. அவன் இயேசுவின் அரசாட்சி விரைவில் வெளிப்படும் என எதிர்பார்த்து ஏமாந்தான் என்பாரும், அவரை வற்புறுத்திச் செயற்பட வைக்க முயன்றான் என்பாரும் உளர். இவை பிற்கால ஊகங்கள். சுவிசேஷங்களில் இல்லாததை ஆதாரம்போல் எழுத வேண்டாம்.

அவன் விற்றது எதை?

இங்கேதான் விடயத்தின் மையம் உள்ளது. இயேசு மறைந்து வாழ்ந்தவர் அல்லர். அவர் தினமும் தேவாலயத்தில் வெளிப்படையாகப் போதித்தார். அவரைப் பிடிக்க ஆலயத் தலைவர்களுக்கு ஒருவனின் உதவி ஏன் தேவைப்பட்டது? பஸ்காவுக்காக எருசலேமில் மக்கள் நிரம்பியிருந்தனர். பகலில் கை வைத்தால் கலகம் மூளும் என்று தலைவர்கள் அஞ்சினர். ஆகவே கூட்டம் இல்லாத ஒரு நேரமும் ஓர் இடமும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. இயேசு இரவுகளில் ஒலிவ மலைக்குச் செல்வார். அங்கு கெத்செமனே என்னும் தோட்டத்தில் சீடருடன் அடிக்கடி கூடுவார். யூதாஸுக்கு அவ்விடம் தெரியும் என்பதை யோவான் குறிப்பாகச் சொல்கின்றார். அவன் அங்கே அவரோடு இருந்தவன் அல்லவா?

யூதாஸ் இயேசுவின் போதனையில் எந்த இரகசியத்தையும் விற்கவில்லை. விசாரணையில் அவன் சாட்சியாகவும் நிற்கவில்லை. ஒருவர் களைத்து, தம்மவர்களோடு மட்டும் தனித்திருக்கும் இடம் எது என்பதையே அவன் விற்றான். இது பகைவனால் விற்க முடியாத பொருள்.

கிரேக்கத்தில் இதற்கு வழங்கும் வினைச்சொல்லின் பொருள் ஒப்புக்கொடுத்தல் என்பதே. அதே சொல்லைத்தான் ஆசாரியர் இயேசுவைப் பிலாத்துவிடம் ஒப்புக்கொடுத்ததற்கும், பிலாத்து அவரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்ததற்கும் மாற்கு பயன்படுத்துகின்றார். கை மாறிக் கை மாறிச் சென்ற அச்சங்கிலியின் முதல் வளையம் யூதாஸ். நம் தமிழ்ச் சொல் இன்னும் கூர்மையானது. காட்டவும் செய்தான், கொடுக்கவும் செய்தான்.

இராப்போசனம்

இயேசு தம் சீடர்களுடன் இறுதியாக உணவருந்திய இரவில், பந்தியிலிருக்கும் ஒருவன் தம்மைக் காட்டிக்கொடுப்பான் என அறிவித்தார். அப்போது எவரும் யூதாஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானோ, நானோ என்று ஒவ்வொருவரும் தம்மையே சந்தேகித்தனர். யூதாஸ் எவ்வளவு சாதாரணமான, எவ்வளவு நம்பப்பட்ட சீடனாக இருந்தான் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. யோவானில், இயேசு அப்பத் துண்டைத் தோய்த்து அவன் கையில் கொடுத்த பின்னரும், அவன் எழுந்து சென்றபோது பண்டிகைக்குப் பொருள் வாங்கவோ ஏழைகளுக்குக் கொடுக்கவோ போகிறான் என்றே சிலர் நினைத்தனர். அவன் வெளியே சென்றபோது இரவாயிருந்தது என்று யோவான் சேர்க்கும் சிறு குறிப்பை வாசிக்காமல் கடந்துவிடாதீர்கள்.

அதற்குச் சற்று முன்னர் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியிருந்தார். யூதாஸின் கால்களையும் சேர்த்தே கழுவினார். லூக்காவிலோ அப்பமும் பாத்திரமும் பகிரப்பட்ட பின்னரே காட்டிக்கொடுப்பவனின் கை பந்தியில் இருப்பதாகக் கூறப்படுகின்றது.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதை நம் மக்கள் எவ்வளவு வெறுப்பரோ, இஸ்ரவேலரும் அவ்வளவு வெறுத்தனர். யோவான் இவ்விடத்தில் 41ஆம் சங்கீதத்தை நினைவூட்டுகின்றார். தன் அப்பத்தை உண்ட நெருங்கிய நண்பனே தனக்கு எதிராக எழும்பியதைப் பற்றிய முறையீடு அது. பலர் அதனைத் தாவீதின் ஆலோசகனான அகித்தோப்பேலுடன் இணைத்து நோக்குவர். இரண்டாம் சாமுவேல் 15 முதல் 17 வரையான அதிகாரங்களை ஒருமுறை வாசியுங்கள். அப்சலோம் கலகம் செய்தபோது அகித்தோப்பேல் அரசனை விட்டு அவன் பக்கம் சேர்ந்தான். தாவீது கீதரோன் ஆற்றைக் கடந்து, ஒலிவ மலையில் அழுதுகொண்டே ஏறினான். அவ்விரவே தாவீதைத் தாக்க வேண்டும் என்ற அகித்தோப்பேலின் ஆலோசனை தள்ளப்பட்டு, ஊசாயின் ஆலோசனை ஏற்கப்பட்டது. அகித்தோப்பேல் தன் ஊருக்குப் போய், வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்துவிட்டு, நான்றுகொண்டு இறந்தான். இயேசுவும் கெதரோனைக் கடந்தே தோட்டத்திற்குச் சென்றார். இவ்வொப்பீட்டைச் சுருக்கமாகவேனும் குறிப்பிட்டால் விடை சிறக்கும்.

கெத்செமனே

அது பஸ்காவுக்குரிய முழுநிலாக் காலம். ஆயினும் ஒலிவ மரங்களின் இருளில் ஆளை மாறிப் பிடித்துவிடக் கூடாது. ஆகவே சீடன் தன் போதகரை முத்தமிட்டு வாழ்த்தும் வழக்கத்தையே யூதாஸ் அடையாளமாக வைத்தான். மாற்குவிலும் மத்தேயுவிலும் அவன் முத்தமிடுகின்றான். லூக்காவில் முத்தமிட நெருங்குகின்றான். முத்தத்தாலா காட்டிக்கொடுக்கிறாய் என இயேசு அவனை வினவுகின்றார். யோவானில் அடையாளம் தேவைப்படவில்லை. தீவட்டிகளோடு வந்தவர்கள் முன் இயேசுவே வந்து தம்மை அறிவிக்கின்றார். யூதாஸ் அவர்களோடு வெறுமனே நிற்கின்றான்.

மத்தேயுவில் மட்டும் இன்னொன்று உண்டு. முத்தமிட்டவனை இயேசு சிநேகிதன் என்றே அழைக்கின்றார். இச்சொல் மத்தேயுவில் மூன்று இடங்களில் வருகின்றது. கூலி போதாதென்று முறுமுறுத்த வேலையாளிடமும், கலியாண உடையின்றி வந்த விருந்தாளியிடமும் உவமைகளில் இதே சொல் கூறப்படுகின்றது. மூன்றுமே தவறு செய்தவனைப் பெயர் சொல்லாமல் விளிக்கும் இடங்கள். ஆகையால் இதில் கண்டிப்பும் இருக்கின்றது. எனினும் உறவு அறுந்துவிட்டதாக இயேசு பேசவில்லை என்பதே என் எண்ணம்.

முடிவு

இயேசுவுக்கு மரண தண்டனை தீர்க்கப்பட்டதை அறிந்ததும் யூதாஸ் மனம் வருந்தினான் என்கிறார் மத்தேயு. அவன் ஓடி ஒளியவில்லை. காசுகளை எடுத்துக்கொண்டு ஆசாரியரிடம் திரும்பினான். குற்றமற்ற ஒருவரைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்ததாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்டான். மக்களின் பாவத்திற்காகப் பலி செலுத்துவதே ஆசாரியரின் ஊழியம். அவர்களோ அது தங்களுக்குரிய காரியம் அன்று, அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று கைவிட்டனர். அவன் காசைத் தேவாலயத்தில் எறிந்துவிட்டுச் சென்று தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அது இரத்தக்கிரயம் ஆதலால் காணிக்கைப் பெட்டியில் போடலாகாது என ஆராய்ந்த ஆசாரியர், அதனால் குயவனின் நிலத்தை வாங்கி அந்நியரை அடக்கம் பண்ணும் இடமாக்கினர். காசைப் பற்றி இருந்த கவலை எதிரே நின்ற மனிதனைப் பற்றி இருக்கவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் முதலாம் அதிகாரம் வேறு விதமாகக் கூறுகின்றது. அங்கு யூதாஸே அக்கூலியால் நிலத்தை வாங்குகின்றான். தலைகீழாக விழுந்து உடல் வெடித்து இறக்கின்றான். மனம் வருந்தியமை பற்றிய பேச்சில்லை. இரண்டிலும் பொதுவானது இரத்த நிலம் என்ற பெயரே. அதன் அரமேயப் பெயர் அக்கெல்தமா. இவ்விரு செய்திகளையும் ஒன்றாகப் பிணைக்காமல் தனித்தனியே எழுதுவதே பாதுகாப்பு.

அதே இரவில் பேதுருவும் இயேசுவை மூன்று முறை மறுதலித்தார். அவரும் மனங்கசந்து அழுதார். இருவரின் துக்கமும் உண்மையானதே. மத்தேயு யூதாஸுக்குப் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் செய்ததற்காக வருந்துவதைக் குறிக்கும். மனந்திரும்புதலுக்கு வழமையாக வரும் சொல் அதுவன்று. இச்சொல் வேறுபாட்டை ஆசிரியர்கள் பலரும் விளக்குவர். எனக்கோ அவர்கள் சென்ற இடங்களின் வேறுபாடே பெரிதாகத் தோன்றுகின்றது. பேதுரு மற்றைய சீடர்களிடம் திரும்பினார். பின்னர் திபேரியாக் கடற்கரையில், மறுதலித்த மூன்று முறைக்கும் ஈடாக மூன்று முறை அன்பு வினவப்பட்டு, மீண்டும் பணியைப் பெற்றார். யூதாஸ் தன்னை விலைக்கு வாங்கியவர்களிடம் போனான். அவர்கள் கதவைச் சாத்தினர். அந்தக் கடற்கரை வரை அவன் காத்திருக்கவில்லை.

வகுப்பில் எப்போதும் ஒருவர் இதைக் கேட்பீர்கள்: முன்னரே எழுதப்பட்டிருந்ததாயின் யூதாஸ் மீது என்ன குற்றம்? நல்ல வினா. மாற்குவில் இயேசுவே இரண்டையும் ஒருங்கே கூறுகின்றார்: எழுதப்பட்டபடி தாம் போவதையும், காட்டிக்கொடுப்பவனுக்கு வரும் கேட்டையும். தேவ திட்டம் உண்டு, மனிதனின் பொறுப்பும் உண்டு. ஒன்று மற்றதை அழிப்பதில்லை. இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்பதைச் சுவிசேஷகர் விளக்கவில்லை. விடையில் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் விடை பாதியே.

அவனுக்குப் பின்

இயேசு பரமேறிய பின் ஏறத்தாழ 120 பேர் கூடியிருந்தபோது, யூதாஸின் இடத்தை நிரப்ப வேண்டும் என்று பேதுரு கூறினார். யுஸ்து எனப்பட்ட யோசேப்பு, மத்தியா ஆகிய இருவர் நிறுத்தப்பட்டனர். சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது. யூதாஸும் தங்களோடு எண்ணப்பட்டு இவ்வூழியத்தில் பங்கு பெற்றிருந்தவன் என்பதைப் பேதுரு அப்போதும் மறைக்கவில்லை.

பிற்கால ஐரோப்பாவில் யூதாஸின் பெயரை யூத இனம் முழுவதன்மீதும் சுமத்தி வெறுப்பை வளர்த்தனர். இயேசுவும் பேதுருவும் யோவானும் யூதரே என்பதை வசதியாக மறந்தனர். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளுக்கு அக்கால யூதர் அனைவரையுமோ இக்கால யூதரையோ பொறுப்பாக்கக் கூடாது என அறிவித்தது. 2006இல் யூதாஸின் சுவிசேஷம் என்னும் கொப்திய மொழி ஏடு வெளியிடப்பட்டுப் பரபரப்பாயிற்று. இத்தகைய நூல் ஒன்றை இரேனேயு கி.பி. 180 அளவிலேயே கண்டித்திருந்தார். இது இரண்டாம் நூற்றாண்டின் ஞானவாதக் கருத்துகளை அறிய உதவும். யூதாஸின் வாழ்க்கைக்கு ஆதாரமாகாது.

தமிழ் வேதாகமத்தில் ஒரு சிறு விடயத்தையும் பார்த்துவிடுங்கள். புதிய ஏற்பாட்டின் இறுதியில், வெளிப்படுத்தலுக்கு முன்னுள்ள நிருபத்தை எழுதியவர் யூதா. காட்டிக்கொடுத்தவன் யூதாஸ். கிரேக்கத்தில் இரண்டும் ஒரே பெயர்.

பயிற்சி வினாக்கள்

1. யூதாஸின் முடிவு பற்றி மத்தேயுவும் அப்போஸ்தலர் நடபடிகளும் கூறுவனவற்றை ஒப்பிடுக.

2. ஆலயத் தலைவர்களுக்கு யூதாஸின் உதவி தேவைப்பட்டமைக்கான காரணத்தை விளக்குக.

3. பேதுருவின் வீழ்ச்சிக்கும் யூதாஸின் வீழ்ச்சிக்கும் இடையிலான ஒற்றுமை வேற்றுமைகளை ஆராய்க.